வெந்நீர் மட்டும் போதும்

ஏரிப் படகுத்துறையில் அவனை எல்லாரும் சோப்பு என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

வேறு தண்ணீரில் ஓடிய படகு எதுவும் கழுவாமல் அந்தச் சின்ன ஏரியில் இறங்கக் கூடாது. கழுவுவது அவன் வேலை. கண்ணுக்குத் தெரியாத வெளியூர்ப் பாசி ஒன்று படகின் அடியில் ஒட்டிக்கொண்டு வருமாம். வந்தால் தண்ணீர் நாறும், மீன் சாகும். வெந்நீர் மட்டும் போதும் என்றது அலுவலகம். அவனுக்குப் போதவில்லை. கைக்காசில் சோப்புத்தூள் வாங்கி, பலகை இடுக்குகளைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்ப்பான். அழுக்குத் தண்ணீர் தேங்காமல் ஓட, சரிவில் மண்டியிருந்த கோரையை வேரோடு வெட்டி வாய்க்கால் இழுத்திருந்தான். நூல் பிடித்தாற்போல நேரான வாய்க்கால். அப்படிச் செய்ய எல்லாருக்கும் கை வராது.

“சோப்பு, என் படகுக்குத் தலை துவட்டிவிட மறந்துட்டியே,” என்பார்கள் மீன்காரர்கள்.

“முதல்ல நீ குளிச்சுட்டு வா. நாத்தம் படகுல இருந்து வரல,” என்பான்.

அக்காவின் புருஷன் ஒருநாள் ஆற்றில் ஓட்டிய படகோடு வந்தார்.

“மாப்பிள்ளை, வியாபாரி காத்திருக்கான். இன்னைக்கு மட்டும் விட்டுடு.”

“கழுவாம இறங்காது அத்தான்.”

“எனக்கேவா?”

“யாருக்கும் ஒண்ணுதான்.”

அத்தான் படகைத் திருப்பிக்கொண்டு போனார். அக்காவுக்கு உள்ளூரப் பெருமை. “என் தம்பி வளைய மாட்டான்,” என்று புருஷனிடமே சொன்னாள்.

அடுத்த கோடையில் ஏரி பச்சைக் கூழாகத் திரண்டது. மீன்கள் செத்து ஒதுங்கின. அவன் துறையில் எல்லார் முன்னாலும் அத்தானைப் பார்த்து, “அன்னைக்கு எதிர்க்கரையில போய் இறக்கியிருக்கீங்க. வேற யாரு?” என்றான்.

அத்தான் இல்லை என்றார். சோப்பு பொய் சொல்ல மாட்டான் என்பது ஊர் அறிந்தது. மீன்காரர்கள் அவரை ஒதுக்கினார்கள். படகை விற்று, மூட்டை தூக்கப் போனார். தம்பி பேச்சையே எடுக்காதே என்று அக்காவிடம் சொல்லிவிட்டார்.

பிறகு ஏரியை ஆராய ஒரு பெண் வந்தாள். குழாய் இறக்கி அடிச்சேற்றை அடுக்கடுக்காக எடுத்துப் பார்த்தாள்.

“இது இப்ப வந்ததில்லைங்க. நீங்க வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே வந்து, சேத்துல தூங்கிட்டு இருந்திருக்கு. வர்றது எத்தனையோ வரும். ஏற்கெனவே இருக்கிற உயிருங்க இடம் கொடுக்காது, தீனியும் மிஞ்சாது. இங்க மிஞ்சிடுச்சு.”

“எப்படி?”

அவள் வாய்க்காலைப் பார்த்தாள். “முதல்ல பிடிச்சது இந்த ஓரம்தான். இது வழியா ஏரிக்குள்ள இறங்கின சோப்புத் தண்ணி அதுக்குத் தீனி. கோரை இருந்திருந்தா பாதியை உறிஞ்சியிருக்கும். வெயிலும் சேர்ந்துகிச்சு.”

மறுநாள் காலை மீன்காரர்கள் கூடும் நேரத்தில் அவன் துறையில் நின்று சொன்னான். “அத்தான் மேல தப்பில்ல. பாசி முன்னாடியே இருந்திருக்கு. தீனி போட்டு வளர்த்தது நான்.”

வலை உதறிக்கொண்டிருந்த கிழவர் சிரித்தார்.

“பரவாயில்ல சோப்பு. அக்கா ரொம்ப அழுதுட்டாளா?”

“இல்லைங்க. ஏரியை ஆராய வந்தவங்க சேத்துல பார்த்துச் சொன்னாங்க.”

“சேறு பேசுதாம்பா. சரி விடு, சொந்தம்னு வந்தா எவனும் வளையத்தான் செய்வான். நீ மட்டும் என்ன, இரும்பா?”

அவன் மறுபடியும் சொன்னான். இன்னும் விளக்கமாகச் சொன்னான். சொல்லச் சொல்ல, அவர்கள் அவன் தோளைத் தட்டிவிட்டுப் படகேறினார்கள்.