பின் சக்கரத்தின் பளபளப்பு

மூன்று நாட்களாக மூடுபனி விலகவில்லை. எஸ்டேட்டில் வேலையும் இல்லை. வெள்ளக்கடை மாதிரி ஒரு மலைக்கிராமத்தில் ஒரு மனிதன் வாசலுக்கும் அடுப்படிக்கும் எத்தனை தடவைதான் நடப்பான்? நான்காம் நாள் காலை, என் பைக்கின் அலுமினியச் சக்கரங்கள் கண்ணை உறுத்தின. மலையே மங்கிக் கிடக்கும்போது அவை மட்டும் எதற்கு இப்படிப் பளபளக்க வேண்டும்? தேய்த்து, மெல்லிய கோடுகள் ஓடும் மங்கலாக மாற்றிவிட முடிவு செய்தேன்.

பைக்கை நடு ஸ்டாண்டில் நிறுத்தினேன். நனைத்த உப்புத்தாளைப் பின் சக்கரத்தின் விளிம்பில் அழுத்திக்கொண்டு, மறு கையால் சக்கரத்தைச் சுற்றினேன். கோடுகள் எல்லாம் ஒரே திசையில் விழ வேண்டும். அவசரத்தில் இரண்டு முறை குறுக்கே இழுத்துவிட்டு, இரண்டு முறையும் முதலிலிருந்து தேய்த்தேன். கடைசியில் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரையும் எடுத்து வந்தேன்.

“பாத்திரத்துல ஒரு கீறல் விழுந்தா என்னைய அந்தப் பேச்சுப் பேசுவீங்க. இப்ப நீங்க என்னங்க பண்றீங்க?” என்றாள் மனைவி.

மதியத்துக்குள் பின் சக்கரம் நினைத்தபடியே வந்துவிட்டது. முன் சக்கரத்தைத் தொடப் பொறுமை இல்லை. இதை உடனே யாரிடமாவது காட்டியாக வேண்டும். ஒண்டிக்கடை ரோட்டு முக்குக்கு ஓட்டிப்போய், டீக்கடை முன்னால் எல்லோர் கண்ணிலும் படும்படி நிறுத்தினேன்.

டீக்கடைக்காரர் கிளாஸை நீட்டியபடி எட்டிப் பார்த்தார்.

“ஏனுங்க, முன்னாடி வீலை நொம்ப நல்லாக் கழுவியிருக்கீங்க. பின்னாடி வர்றதுக்குள்ள தண்ணி தீந்து போச்சுங்களா?”

டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பினேன். வீடு திரும்பியதும், மனைவி உள்ளேதான் இருக்கிறாள் என்று உறுதி செய்துகொண்டு, பின் சக்கரத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.