நித்யா தமிழ் பேசாத நாட்கள்

சென்ற மாதம் ஸ்ரீவராகத்தில் அண்ணா வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணாவின் மகள் நித்யாவுக்கு ஒரு வாரமாகச் சளி, காய்ச்சல். நான் போனதற்கு முதல் நாள்தான் சூடு இறங்கியிருந்தது.

மன்னி ரசம் சாதம் கொண்டுவந்தார். நித்யா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எனிக்கு வேண்டா" என்றாள்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. வெளியே எந்தப் பாஷையும் பேசலாம் – வாசற்படி தாண்டி உள்ளே வந்தால் தமிழ்தான். மன்னி சும்மா விடுவாரா?

"கேட்டேளா இவ திமிரை?" என்றார் அண்ணாவிடம். "நேத்துலேர்ந்து வாயைத் திறந்தா மலையாளம்தான்!"

"காலேஜுக்குப் போயாச்சோல்லியோ, கொம்பு முளைச்சிருக்கும்" என்று அண்ணா சிரித்தார். நானும் சிரித்தேன். இந்த மலையாள ஊரில் வளரும் நம் பிள்ளைகள் இப்படித்தானே?

மன்னி கையிலிருந்த கரண்டியை நீட்டினார். "இது என்னடி? தமிழ்ல சொல்லு பார்ப்போம்."

நித்யா கரண்டியையே பார்த்தாள்... உதடு அசைந்தது. தமிழ் வரவில்லை. மலையாளமும் வரவில்லை. கண்ணீர்தான் வந்தது.

உடனே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

நான் பள்ளிப் படிப்போடு நின்றவன். டாக்டர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான் – சளிக்காய்ச்சல் வைரஸ் எப்போதும் மூக்கோடும் நெஞ்சோடும் நின்றுவிடுவதில்லை. அபூர்வமாகச் சிலருக்கு மூளையின் செல்களும் பாதிக்கப்படும். வைரஸே அங்கே போகலாம். அதை எதிர்த்து உடம்பு போடும் சண்டையில் மூளை வீங்கவும் செய்யலாம். அப்போது பேச்சு, நினைவு எது வேண்டுமானாலும் தடுமாறும். இரண்டு பாஷை தெரிந்தவர்களுக்கு ஒன்று மட்டும் போய்விடுவதும் உண்டாம்.

"பேச்சு எப்போதிலிருந்து மாறியது?" என்று டாக்டர் கேட்டார்.

"நேத்து காலம்பறலேர்ந்து... நான் திமிர்னு..." என்றார் மன்னி.

வார்டில் நித்யா எதையும் சாப்பிட மறுத்தாள். மன்னிக்குத் தெரிந்தது காய்கறிக் கடை மலையாளம் மட்டும். அதை வைத்துக்கொண்டு, "மோளே... குறச்சு கஞ்சி குடிக்கு மோளே" என்று கெஞ்சினார். நித்யா வாய் திறந்தாள்.

இப்போது வீடு திரும்பிவிட்டாள். தமிழும் திரும்பிவிட்டது – பெரும்பாலும். சில வார்த்தைகளுக்கு மட்டும் நடுவில் நின்று தேடுகிறாள். அவையும் வந்துவிடுமா? டாக்டர் உறுதி சொல்லவில்லை. மன்னி முந்திக்கொண்டு எடுத்துக் கொடுப்பதில்லை. அவள் முகத்தையே பார்த்தபடி காத்திருக்கிறார்.

காய்ச்சல் விட்டதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறோம்... கொஞ்சம் பேச்சும் கொடுத்துப் பாருங்கள்!