அப்பா திறந்து வைக்காத கேஸ்

எங்கள் அப்பா ஆம்பூர் வீட்டில் தனியாக இருக்கலாமா, கூடாதா என்று எனக்கும் அண்ணனுக்கும் ஒரு வருஷமாகச் சண்டை. பெங்களூரில் இருக்கும் அண்ணன், வேலூர் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தைப் பார்த்து வைத்திருந்தான். நான் ஆம்பூரிலேயே வேறு தெருவில் இருக்கிறேன்; ஷூ கம்பெனியில் செக்கர். "அவர் வீட்டிலேயே இருக்கட்டும், நான் பார்த்துக்கிறேன்" என்று வீராப்பாகச் சொன்னவள் நான்தான். பார்த்துக்கொண்ட லட்சணத்தைச் சொல்கிறேன்.

அப்பா தோல் பதனிடும் டேனரியில் முப்பது வருஷம் சுண்ணாம்புத் தொட்டியில் தோல் புரட்டியவர். அந்த வாடையிலேயே மூக்கு செத்துப்போனது. பிரியாணியும் ஊசிப்போன குழம்பும் அவருக்கு ஒன்றுதான். அதனாலேயே அடுப்பை அணைத்தபின் திருகை மூன்று முறை தொட்டுப் பார்ப்பார். "இன்னாப்பா, அடுப்புக்கு சலாமா?" என்று கிண்டல் செய்வேன். மற்றபடி மாத்திரை, தாழ்ப்பாள், கரண்ட் பில் எதுவும் அவருக்குத் தவறாது.

ஒரு சனிக்கிழமை காலை வேலைக்குப் போகும் வழியில் அவருக்கு டீ போட்டேன். அண்ணன் போன் செய்தான். மறுபடி அதே சண்டை. பால் பொங்கி அடுப்பு அணைந்தது. துடைத்தேன், டீயைக் கொடுத்தேன், கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது, ஓடிவிட்டேன். அடுப்பைத் திருகி மூடவில்லை.

கம்பெனியில் இறங்கியதுமே அப்பாவின் பக்கத்து வீட்டு அக்கா போன் செய்தார்.

"குப்புனு கேஸ் வாசனை. உங்கப்பா பேப்பர் படிச்சிக்கினு ஒக்காந்திருக்காரு! மூடிட்டேன், நீ பதறாம வா."

சாயங்காலமே அண்ணன் வந்துவிட்டான். "நான் சொன்னேன்ல?" என்றான். அப்பா யோசித்தார்.

"நான் கிச்சன் பக்கமே போவலியே..." என்று என்னைப் பார்த்தார்.

நான் போனைப் பார்த்தேன். ஒரு தையல் பிசகினால் எந்த மிஷின் என்று கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவது என் வேலை. அன்று வாய் திறக்கவில்லை. அண்ணன் முன்னால் தோற்க மனசு வரவில்லை. அதைவிடக் கேவலம், இனிக் காலையில் ஓட வேண்டாம் என்று ஒரு நிமிஷம் நிம்மதியாகவும் இருந்தது.

"நானாத்தான் இருக்கும். வயசாய்டுச்சில்ல" என்றார் அப்பா.

அடுத்த வாரம் இல்லத்தில் சேர்த்தோம். அங்கே பதிவு நோட்டு எழுதும் அம்மா, "வீட்ல இன்னா கஷ்டம்யா?" என்று கேட்டார்.

"எம்பொண்ணு மேல தப்பு இல்லம்மா. அவ இருக்கத்தான் சொன்னா. நாந்தான் கேஸைத் தொறந்து வுட்டுட்டேன்."

அந்தம்மா 'மறதி' என்று எழுதி, நோட்டை என் பக்கம் நகர்த்தினார். கையெழுத்துப் போட்டேன்.

ஞாயிறுதோறும் போகிறேன். போன வாரம் மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "காலையில நான் போட்டுட்டனாம்மா?" என்று கேட்டார். அட்டையில் ஒரு மாத்திரை குறைந்திருப்பது அவருக்கே தெரிகிறது. ஆனாலும் நான் சொன்னால்தான் நம்புகிறார்.