காலண்டர் மாற்றிய ஆயில்

படகுத்துறையில் எல்லோரும் அவரைக் காலண்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆற்றைக் கடக்கும் பயணிகள் படகில் இருபத்திரண்டு வருடமாக இன்ஜின் பார்ப்பவர். இன்ஜின் இருநூற்றைம்பது மணி நேரம் ஓடியதா, ஆயிலை மாற்றிவிடுவார். ஒரு நாள் தள்ளிப்போட்டதில்லை. மகள் கல்யாணத்தன்று காலையில்கூட வந்து மாற்றிவிட்டு, நகக்கண்ணெல்லாம் கறுப்போடு போட்டோவில் நின்றார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அந்தப் போட்டோவைக் காட்டி அவருடைய காலை வாருவது மனைவிக்கு நல்ல பொழுதுபோக்கு.

அப்படிப்பட்டவரின் இன்ஜினில் போன வருடம் படகுக் கம்பெனி இன்ஜினியரம்மா வந்து விரல் நீளத்தில் ஒரு சென்சாரைப் பொருத்தினார்.

"ஆயில் கெட்டா அதுல கரன்ட் பாயற விதம் மாறும்ண்ணே. இது அதை அளந்து எங்க ஆபீசுக்குச் சொல்லிடும். பச்சை விளக்கு எரியற வரைக்கும் நீங்க மாத்தவே வேண்டாம்."

இருநூற்றைம்பது மணி வந்தது. பச்சை. இருநூற்றெழுபது ஆயிற்று. அப்போதும் பச்சை. காலண்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"ஏதோ பச்சைப்பிள்ளையை ஈரத்துணியோட விட்டுட்டு வந்த மாதிரியில்ல தவிக்கிறீங்க!" என்றாள் மனைவி.

மறுநாள் மதியம், படகு கரையில் கிடந்த நேரம் பார்த்து, யாருக்கும் தெரியாமல் ஆயிலை மாற்றினார். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். திருப்தியாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார். போன் அடித்தது.

"அண்ணே, ஆயிலை மாத்தினீங்களா?"

"நானா? யார் சொன்னது?"

"ஆயிலே சொல்லுச்சு. ரெண்டு மணிக்குத் திடீர்னு அதுக்கு வயசு குறைஞ்சிருக்கு. தானா எப்படிண்ணே குறையும்?"

காலண்டர் அசடு வழிந்தார். அன்றிலிருந்து சென்சாருக்குக் 'கோள்மூட்டி' என்று பெயர். அது இருக்கும் பக்கம் திரும்புவதைக்கூட நிறுத்திக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து, காலையில் முதல் சவாரிக்கு முன்னால் சிவப்பு விளக்கு எரிந்தது.

"புது ஆயிலுக்குப் போய்ச் சிவப்பா? புளுகுது," என்றபடி ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். சுத்தமாகத்தான் தெரிந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. படகைக் கிளப்பவிடாமல் இன்ஜினைப் பிரித்தார். இன்ஜின் பாகங்களுக்கு நடுவில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் ஓரம் அரித்துப்போய், குளிர்விக்கும் தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஆயிலில் கலந்துகொண்டிருந்தது. இன்னும் நாலு நாள் விட்டிருந்தால், படகு அறுபது பேரோடு நடு ஆற்றில் நின்றிருக்கும்.

வேர்வையைத் துடைத்துக்கொண்டு இன்ஜினியரம்மாவுக்கு அவரே போன் போட்டார்.

"கேஸ்கெட் போயிருச்சும்மா. இன்னைக்குப் படகு கிடையாது." கொஞ்சம் தயங்கினார். "அப்புறம், அந்த ஒயர்மேல தண்ணி தெறிக்குது. மூடி மாதிரி ஏதாவது இருந்தா அனுப்புங்க."

"சென்சாருக்கா? உங்களுக்கும் அதுக்கும்தான் ஆகாதே?"

"ஆகாதுதான்," என்றார் காலண்டர். "அதுக்காக நனைய விடுறதா?"