அம்மன் படத்துக்குப் பின்னால் வைத்த மருந்து

என் கணவருக்குக் கணையத்தில் புற்றுநோய் முற்றிவிட்டது என்று தெரிந்தது போன வருஷம் ஆடி மாதம். பெரிய மருத்துவமனையில் பார்வை நேரம் முடிந்ததும் என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள். நடைபாதை நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருப்பேன். அப்புறம் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சின்ன மருத்துவமனைக்கு மாற்றினார்கள்.

"நோய இனிமே குணப்படுத்த முடியாதும்மா. வலி இல்லாமப் பாத்துக்கலாம்" என்றார் அங்கிருந்த டாக்டர். மார்பின் என்ற தண்ணீர் மருந்தைப் போத்தலில் கொடுத்து, லூனாசில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

பிள்ளைகள் இருவருக்கும் சிங்கப்பூரில் வேலை. சொந்தக்காரர்கள் முதல் வாரம் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்கள். அதன்பிறகு வாசலில் ஒரு மோட்டார் சத்தம்கூட இல்லை.

மார்பின் என்றால் போதை மருந்து என்று எனக்குப் பயம். எங்கள் தாமான் குடியிருப்பில் போதையால் கெட்ட பிள்ளைகளைப் பார்த்தவள் நான். போத்தலைச் சாமி மேடையில் மாரியம்மன் படத்துக்குப் பின்னால் ஒளித்துவிட்டேன். "தாயே, இவர் வலிய எடுத்துடு" என்று தினமும் அழுவேன்.

"டாக்டர் குடுத்த மருந்து எங்கடி?" என்று அவர் கேட்பார்.

"அம்மா பாத்துக்குவா, பொறுங்க" என்று திருநீறு பூசுவேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பித் தலையணையைக் கடித்துக்கொள்வார். பாவி நான், அதையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை, அந்த மருத்துவமனையிலிருந்து ஒரு தாதி வீடு தேடி வந்தார். நம் தமிழ்ப் பெண்தான். மருந்து எங்கே என்றார். தீர்ந்துவிட்டது என்றேன்.

"பொய் சொல்றா, மிஸி" என்று என் கணவர் தாதியிடம் அழுதார். முப்பது வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

சாமி மேடையைக் காட்டினேன். தாதி கை கழுவிவிட்டு, படத்தை மெல்ல நகர்த்திப் போத்தலை எடுத்தார். அதன்மேல் திருநீறு கொட்டியிருந்தது.

"வலிக்கு அளவாக் குடுத்தா அடிமையாக மாட்டாருக்கா. நான் சொல்லித் தரேன்லா" என்றார்.

மருந்து கொடுத்த ஒரு மணி நேரத்தில் என் கணவர் மைலோ கேட்டார். குடித்துவிட்டு, என் கையைப் பிடித்தபடி தூங்கினார். கார்த்திகையில் அப்படித்தான் போனார், கத்தாமல்.

இப்போது வீட்டில் நான் மட்டும்தான். பேச்சுச் சத்தத்துக்காக டிவியைப் போட்டு வைக்கிறேன். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு, அந்தச் சின்ன மருத்துவமனையில் பார்க்க ஆள் வராத நோயாளிகளோடு உட்கார்ந்திருக்கிறேன்.

வலியை எடு என்று கேட்டேன். நான் கேட்பதற்கு முன்பே அம்மா கொடுத்துவிட்டாள். ஒளித்து வைத்தது நான். உங்கள் வீட்டிலும் யாராவது வலியில் துடித்தால், நம்பி அவளைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டுவிட்டு, மருந்தைக் கொடுங்கள்.