இடதுகை முடிச்சு

பதினொரு வருடமாக ஸ்டாஃப் ரூமில் எனக்குப் பக்கத்து நாற்காலி ஒரு டீச்சருடையது. மாத்தளையில் ஒரே பஸ் ஏறுவோம், சோற்றுப் பெட்டியைப் பகிர்ந்துகொள்வோம். ஜப்பானில் வேலை செய்யும் அவருடைய மகன் லீவில் வந்தபோது ஒரு சதுரத் துணி கொண்டுவந்தான். அங்கே பரிசைக் காகிதத்தில் சுற்றாமல் துணியில் கட்டிக் கொடுப்பார்களாம். பொருளை எடுத்துக்கொண்டு, துணியைக் கொடுத்தவரிடமே திருப்புவது மரியாதை என்று அவர்தான் எனக்குச் சொன்னார். ஓய்வான பாடவேளைகளில் கரும்பலகைச் சோக் பெட்டி, பிள்ளைகள் எழுதிய கொப்பிக் கட்டு என்று கையில் அகப்பட்டதையெல்லாம் கட்டிப் பழகினோம். நான் இடதுகைக்காரி. என் முடிச்சு மட்டும் எதிர்ப்பக்கம் சாயும்.

"உங்க முடிச்சு ஊரெல்லாம் சுத்திட்டு வந்தாலும் கண்டுபிடிச்சிரலாம் டீச்சர்" என்று கிண்டலடிப்பார்.

அவருடைய பிறந்தநாளுக்குக் கண்ணாடிக் கிண்ணங்கள் வாங்கினேன். என் மஞ்சள் நூல் சேலையை, பழசை அல்ல, நல்லதை வெட்டிக் கட்டினேன். துணிக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு கடிதம் வைத்தேன். மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது, வீட்டில் சொல்லவில்லை, செவ்வாய்க்கிழமை கண்டிக்குப் பரிசோதனைக்குப் போகிறேன், கூட வருவீர்களா என்று எழுதியிருந்தேன். வாய்விட்டுக் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

மறுநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிரிச்சதுமே கண்ணு கலங்கிருச்சு டீச்சர்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை வரவுமில்லை.

தனியாகப் போனேன். பயப்பட ஒன்றுமில்லை என்று பிறகு சொன்னார்கள். அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. பயந்துவிட்டார், பாவம் என்று அவருக்காக நானே காரணம் தேடினேன். அவர் மனசு நோகக்கூடாதென்று இரண்டு மாதம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. என்னைப் போல ஒரு முட்டாள் உண்டா!

அப்புறம் எங்கள் விஞ்ஞான டீச்சர் நாவுலவில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார். காய்ச்சல், வரமாட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். காலையில் உடம்பு லேசானதால் பஸ் ஏறிவிட்டேன். வந்த பரிசுகளை உள்ளறையில் அடுக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. பளபளக்கும் காகிதங்களுக்கு நடுவில் என் மஞ்சள் சேலை. நான் கட்டிய முடிச்சு அப்படியே எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. விரலை உள்ளே விட்டேன். கடிதம் தட்டுப்பட்டது.

அப்படியானால் எந்தக் கண் கலங்கியது? வரமுடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அந்த நேரம் பார்த்து என் பக்கத்து நாற்காலி டீச்சரே வீட்டுக்கார டீச்சரோடு உள்ளே வந்தார். என்னைக் கண்டதும் முகம் வெளிறிப்போனது.

"எல்லாத்துலயும் இதுதான் அழகு" என்றார் வீட்டுக்கார டீச்சர் அவரிடம். "நீங்களே கட்டுனீங்களா டீச்சர்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "ஆமா" என்றார்.

நான் முடிச்சை அவிழ்த்தேன். கிண்ணப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டுத் துணியை மடித்து என் பையில் போட்டேன்.

"ஏன் டீச்சர் துணிய எடுக்கிறீங்க?" என்று வீட்டுக்கார டீச்சர் கேட்டார்.

"துணி குடுத்தவங்ககிட்டயே திரும்பணும். அதுதான் மரியாதைன்னு இவங்கதான் எனக்குச் சொல்லிக்குடுத்தாங்க."

கடிதத்தை அவர் கையில் வைத்தேன்.

"இதையாவது பிரிச்சுப் பாருங்க டீச்சர். செவ்வாய்க்கிழமைதான் போயிருச்சு."