செதில் இல்லாத மீன்

தம்பி பிறந்த வருடம் எங்கள் வெள்ளவத்தை வீட்டில் நண்டுக் கறி நின்றது. பிறகு இறாலும் கணவாயும் நின்றன. பன்றியையும் விலக்கினோம். அதை நாங்கள் முன்பும் சாப்பிட்டதில்லை என்பதால் அந்தக் கட்டளையை மட்டும் மிகச் சிறப்பாகக் கடைப்பிடித்தோம்.

எல்லாம் அப்பாவின் ஏற்பாடு. எனக்குப் பின் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. கொட்டாஞ்சேனையில் சனிக்கிழமை கூடும் ஒரு சபையில் அம்மாவுக்காக மன்றாடினார்கள், தம்பி தங்கினான். அன்றிலிருந்து அப்பா மோசேயின் சட்டங்களை அலுவலகச் சுற்றறிக்கை படிப்பதுபோல் வரி விடாமல் படித்தார். நாள் பார்ப்பது கூடாது, குழந்தைக்கு நூல் கட்டுவது கூடாது. செட்டை, செதில் இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த மீன் வீட்டுக்குள் வரவே கூடாது. ஒன்றை மீறினாலும் கடவுள் கொடுத்ததைத் திருப்பி எடுத்துவிடுவார் என்று மனிதர் உள்ளூரப் பயந்தார்.

தம்பிக்கோ பால் போதவில்லை. ஓயாமல் அழுதான். அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, பம்பலப்பிட்டியிலிருந்து வந்து பார்த்துவிட்டுச் சுறா வறை கொடுக்க வேண்டும் என்றார். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சுறாவை விட்டால் வேறில்லை என்பது யாழ்ப்பாணத்தார் எல்லோரும் அறிந்தது.

"செட்டை இருக்கு அக்கா, செதில் இல்லையே," என்றார் அப்பா.

"பிள்ளை பசியில கத்துறது உமக்குக் கேக்கேல்லையோ?"

அப்பா எழுந்து வெளியே போனார்.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் பெரியம்மா சுறாவோடு வந்து இறங்கினார். அவித்து, உதிர்த்து, தேங்காய்ப்பூவும் மிளகும் உள்ளிப்பூண்டும் சேர்த்து வறுத்தார். நான் வெளிக் கேற்றடியில் காவல். காவல்காரி பாதியில் தும்பி பிடிக்கப் போய்விட்டேன். அன்றைக்கென்று அப்பா நேரத்தோடு வந்து வாசலில் நின்றார். வீடெல்லாம் சுறா மணந்தது. அம்மாவின் கையில் தட்டு.

"என்ன மீன், பிள்ளை?" என்று என்னிடம் கேட்டார்.

"விளைமீன், அப்பா."

"செதில் இருந்ததோ?"

"ஓம். நான்தான் உரிச்சனான். ரெண்டு கை நிறைய."

அப்பா குனிந்து என் கைகளைப் பார்த்தார். "அப்ப சரி," என்று சொல்லிவிட்டுச் சட்டை மாற்றப் போனார்.

அடுத்த நாளிலிருந்து அப்பாவுக்கு இருமல் பிடித்தது. வேலையால் வரும்போது கேற்றடியிலேயே நின்று இருமித் தள்ளுவார். அதற்குள் பெரியம்மா அன்றைய சுறாத் தட்டை ஒளித்துவிடுவார். ஆனாலும் மனம் கேளாமல் கொத்தமல்லி அவித்துக் கொடுப்பார். அப்பாவும் மறுக்காமல் குடிப்பார்.

பொய் சொன்னது நான், தண்டனை அப்பாவுக்கா? அப்பா என்றால் எனக்கு உயிர். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அப்பாவை விட்டுவிடும், வேண்டுமானால் இருமலை எனக்குத் தாரும் என்று தினமும் அழுது மன்றாடினேன்.

தம்பி கொழுகொழுவென்று வளர்ந்தான். அவன் சோறு தின்னத் தொடங்கியதும் பெரியம்மா சுறா கொண்டுவருவதை நிறுத்தினார். அதே கிழமை அப்பாவின் இருமலும் நின்றது. கடவுள் என் மன்றாட்டைக் கேட்டுவிட்டார் என்று வெகு காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.